புஷ்பராணி (பெயர் மாற்றப்பட்டுள்ளது)

கண்டியில் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் இங்கிரிட் நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். பெட்டியால் இடித்ததற்கு ஒரு பெரியவரிடம். சில்லறை இல்லாததற்குக் கண்டக்டரிடம். குடையை விரித்தபோது மிரண்டு ஓடிய நாயிடம். கடைசியாக என்னிடம், மழை பெய்வதற்காக. மழைக்கு இவள் என்ன செய்வாள்? எங்கள் சிவகாசியில் இப்படி ஒரு மழை பெய்தால் ஜனம் தெருவில் நின்று கும்பிடும். நான் அவளிடம் அதைச் சொன்னேன். பட்டாசு நனைந்துவிடுமே என்று அதற்கும் வருத்தப்பட்டாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டிக் கம்பெனிகளிலும் என்ன நடக்கிறது என்று எழுத வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் ஊருக்கு அடிக்கடி வருவார்கள். அவர்களுக்கு நான் வாய். தொழிலாளி சொல்வதை இங்கிலீஷில் சொல்வேன், அவர்கள் கேட்பதைத் தமிழில் கேட்பேன். நாசூக்காகப் பேச வராது. அதனாலேயே சிலர் என்னை மறுபடி கூப்பிடுவதில்லை. இங்கிரிட் வேலை செய்யும் அமைப்பு மட்டும் கூப்பிடும். மனித உரிமை மீறல்களைக் கண்காணித்து அறிக்கை எழுதுகிற அமைப்பு, தலைமை அலுவலகம் ஐரோப்பாவில். பெயரைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் சொல்லவில்லை.

அவர்கள் சில வருடங்களுக்கு முன் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன மாறியது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். அறிக்கை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவள் இங்கிரிட். உள்ளூரில் மொழிபெயர்க்க ஆள் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறார்களாம். ஆனால் அவர்கள் யாருக்காவது சொந்தமாகவோ தெரிந்தவர்களாகவோ இருப்பார்களாம், அது சாட்சிகளுக்கு ஆபத்தாம். கடல் தாண்டி என்னைக் கொண்டுவந்தால் ஆபத்து இல்லையாம். சரி என்று வந்துவிட்டேன்.

கூட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டில் நான் ஏறச் சொன்ன பஸ் குண்டசாலைக்குப் போகவில்லை. கட்டுகஸ்தோட்டைக்குப் போனது. கண்டக்டர் சிங்களத்தில் போட்ட சத்தத்தைக் கேட்டு நானும் தமிழில் சத்தம் போட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு டீச்சரம்மா என் கையைப் பிடித்தார். "அவர் ஏசல்ல, பிள்ளை. சும்மா கதைக்கிறதே இப்படித்தான். அடுத்த ஹோல்ட்ல எறக்கி விடுறாராம், காசு வேணாமாம்." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இங்கிரிட் அவருக்கும் ஒரு 'சாரி' சொன்னாள்.

குண்டசாலையில் ரிட்டயரான ஒரு சிங்களத் தம்பதியின் வீட்டில் தங்கினோம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. காலையில் இடியாப்பத்தை அடுக்கி, பக்கத்தில் சிவப்பாகத் தேங்காய்ச் சம்பலை வைத்தார். எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும். இங்கே விடிந்ததும் விடியாததுமாக வாய் எரிகிறது. நான் கண்ணைத் துடைத்தபடி இன்னும் கொஞ்சம் கேட்டேன். அவர் சிரித்தார். அதுதான் எங்கள் பேச்சு.

சாப்பாட்டு மேசையிலேயே இங்கிரிட் விதிகளைச் சொன்னாள். யாருக்கும் தீங்கு வரக்கூடாது, அது முதல் விதி. போன தடவை யார் பேசியது என்று கேட்கக்கூடாது. யாராவது கேட்டால் இவர்தான் என்றும் சொல்லக்கூடாது, இவர் இல்லை என்றும் சொல்லக்கூடாது. பிறகு அறிக்கையை என்னிடம் கொடுத்தாள்.

பொய் சொல்ல மாட்டேன். நல்ல அறிக்கை. யாரும் எழுதத் துணியாத விஷயங்களை எழுதியிருந்தார்கள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் சொன்னது அதில் ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ஆறு மாதக் கர்ப்பத்தில் லேசான வேலை கேட்டிருக்கிறாள். கங்காணி மறுத்து, செங்குத்தான மலைக்குக் கொழுந்து எடுக்க அனுப்பியிருக்கிறான். அங்கேயே கரு கலைந்துவிட்டது. அந்தப் பக்கத்தை முடித்த பிறகு எனக்குத் தட்டில் மிச்சம் இருந்த இடியாப்பம் இறங்கவில்லை. பெண்ணின் பெயர் புஷ்பராணி என்று இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பெயர் மாற்றப்பட்டுள்ளது.

மறுநாள் நிஸாரின் வேனில் கிளம்பினோம். நிஸார் கண்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும், மார்க்கெட் பக்கம் வீடு. வளைவுக்கு வளைவு நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விட்டுவிட்டு மலைகளைக் காட்டிக்கொண்டே ஓட்டினார். "பயப்படாதீங்க மேடம், இந்த ரோட்டு எங்கட உம்மாட அடுப்பங்கர மாதிரி எனக்கு" என்றார். சொல்லி முடிக்கவில்லை, தோட்டத்துக்குத் திரும்பும் மண் பாதையில் வேனின் பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது.

நானும் இங்கிரிட்டும் இறங்கித் தள்ளினோம். கூடையோடு மேலே போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏய், வெள்ளக்கார நோனா வேன் தள்ளுறாடி!"

"தள்ளட்டும் தள்ளட்டும். நம்ம கூடையையும் கொஞ்சம் தூக்கச் சொல்லு."

அவர்களில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான பெண். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற முரட்டுப் படங்குத் துணியோடு சேற்றில் இறங்கி, எங்களோடு தோளைக் கொடுத்தாள். வேன் ஏறியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இங்கிரிட் அவளைப் பார்த்த பார்வை எனக்கு வித்தியாசமாகப் பட்டது. தெரிந்தவரைத் தெரியாத மாதிரி பார்க்கிற பார்வை, பழைய கோப்பில் படம் பார்த்திருப்பாளோ என்னவோ. "யார் அது?" என்றேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள், கொஞ்சம் வேகமாக. அந்தப் பெண்ணின் பெயர் லெட்சுமி என்று கூட வந்தவர்கள் கூப்பிட்டதில் எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் புள்ளக்காம்பராவில் கூட்டம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. நாங்கள் உட்கார இரண்டு கதிரை போட்டிருந்தார்கள், இங்கே நாற்காலிக்கு அதுதான் பேச்சு. பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் மாணிக்கம் கதவுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடிக்க சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத டீ, வந்தது. மலை முழுக்கத் தேயிலை, கோப்பையில் மட்டும் தூசி. நல்ல இலை கப்பல் ஏறிவிடுகிறது.

அறிக்கைக்குப் பிறகு என்ன மாறியது என்று இங்கிரிட் கேட்டாள். நான் தமிழில் கேட்டேன்.

ஒரு பெண் சொன்னாள்: "அந்தக் கங்காணிய மாத்திட்டாங்க. அது நல்லதுதான். எத்தன வருசமா அவன்கிட்ட ஏச்சு வாங்குனோம்."

இன்னொருத்தி: "பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு இருந்தோம். இப்ப லயத்துக்குப் பைப்பு வந்திருக்கு." பீலி என்றால் மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடம், லயம் என்றால் தொழிலாளிகள் குடியிருக்கிற வரிசை வீடுகள்.

இங்கிரிட்டின் முகம் மலர்ந்தது. எழுதினாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "எல்லாஞ் சரி. வாரத்துல மூணு நாளுதான் வேலை. ஃபெக்டரிய மூடியாச்சு. அது யாரு செஞ்ச வேலன்னும் எழுதச் சொல்லுங்க."

என்ன நடந்தது என்று தலைவர்தான் சொன்னார். அறிக்கை வந்ததும், இந்தத் தோட்டத்துத் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி வாங்குவதை நிறுத்திவிட்டது. நியாயம் கேட்டு நிறுத்தவில்லை. கெட்ட பேர் நமக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டது. வேலை குறைந்தது. யார் வயிற்றில் அடி விழுந்தது? தோட்டத்தை நிர்வகிக்கிற துரை வயிற்றில் இல்லை.

"தொரை பெரட்டுக் களத்துல வச்சே சொன்னாரு," என்றார். பெரட்டுக் களம் என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம். "உங்க புஷ்பராணி வெள்ளக்காரங்ககிட்ட சொன்ன கதையாலதான் இந்த நெலம, அவளுக்கு நன்றி சொல்லுங்கன்னாரு."

"இந்தா நிக்கிறாளே," என்று யாரோ சொன்னார்கள். "அவளயே கேளுங்க. அவதான உங்க கூட்டாளி."

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. வெளியே, உள்ளே வராமல், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. புஷ்பராணி என்ற சொல் இங்கிரிட்டுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். என் பக்கம் குனிந்து இங்கிலீஷில் சொன்னாள்: "அந்தப் பேரில் யாரும் இருக்கக்கூடாது. அது நாங்கள் வைத்த பேர்."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது.

பேசியவளைக் காப்பாற்றப் பெயரை மாற்றினார்கள். மாற்றி வைத்த பெயரில், அதே தோட்டத்தில், அடுத்த லயத்திலேயே ஒருத்தி இருந்திருக்கிறாள். வாயே திறக்காதவள். அவள் தலையில் எல்லாம் விழுந்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் போட்டதை இங்கே யார் பார்த்தார்கள்? அறிக்கையே இங்கிலீஷில். இந்தத் தோட்டத்தில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. துரை சொன்ன ஒரு பெயர்தான் இவர்களுக்கு அறிக்கை.

புஷ்பராணியின் காம்பராவுக்குப் போனோம். ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, அவ்வளவுதான் வீடு. அலுமாரியின் மேல் அவளுடைய மாமியாரின் படம், முன்னால் விளக்கு. இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"நான் இவங்கள இன்னிக்குத்தான் பாக்குறேன் இந்தியாக்கா," என்றாள் என்னிடம். அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள், எனக்கு அது பிடித்தது. "என்னய எப்பவும் தூர மலைக்கே போடுறாங்க. பொழுது சாய எடுத்தாலும் கொழுந்து கொறையுதுன்னு அரப்பேருதான்." ஒரு நாள் வேலைக்கு இங்கே ஒரு பேர் என்பார்கள். அரைப்பேர் என்றால் பாதி நாள் கூலி. "அது கூடப் போகட்டும். எங்க மாமி செத்தப்ப தூக்க ஆளு வரல. தப்பு அடிக்க ஆளு வரல. கீழ்த் தோட்டத்துலருந்து எங்க அண்ணன் கூட்டியாந்த நாலு பேருதான் தூக்குனாங்க. இந்த லயத்துல எல்லாரும் கதவ மூடிக்கிட்டு உள்ள இருந்தாங்க. லெட்சுமி ஒருத்திதான் வந்தா. வந்து, பேசாம நின்னுட்டுப் போனா."

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் சண்டைக்காரனும் மண்வெட்டியோடு வந்து குழி வெட்டுவானாம். அப்படிப்பட்ட இடத்தில் இது.

"நாளான்னிக்குக் கருமாதி. நான் முழு லயத்துக்கும் சமைக்கப் போறேன். யாரும் வந்து கை நனைக்கலன்னா அவ்வளவுதான், எங்கள ஒதுக்கியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் எம்மகளுக்கு எந்தத் தோட்டத்துலருந்து மாப்பிள்ள வருவான்? இவங்கள வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. பேசுனது இவ இல்லன்னு. அது போதும்."

மொழிபெயர்த்தேன். இங்கிரிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் முழுக்கக் கண்டியில். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து இங்கிரிட் தலைமை அலுவலகத்தோடு போனில் பேசினாள். நான் எதிரில் உட்கார்ந்து கொத்து ரொட்டி தின்றேன். இரும்புக் கல்லில் தகரத் தட்டால் அடித்து அடித்து அதைக் கொத்துகிற சத்தத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு கத்த வேண்டியிருந்தது. கோபம் வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

போனை வைத்தாள். "முடியாது என்கிறார்கள்."

"ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

"இவள் இல்லை என்று சொன்னால், அடுத்த ஆளைக் கேட்பார்கள். அவளும் இல்லை என்று சொல்ல வேண்டும். கடைசியில் யாரை மட்டும் இல்லை என்று சொல்லாமல் விடுகிறோமோ, அவள் மாட்டிக்கொள்வாள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறோம், ஜெயா."

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. அடித்துப் பேச ஒரு மடையன் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி, அந்தப் பேரை வைத்தது யார்?"

அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு இனத்துக்கும், சாதாரணமாகப் புழங்குகிற பெயர்கள். சாதாரணப் பெயராக இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்களாம்.

"எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று முருகா என்று கூப்பிட்டுப் பார்," என்றேன். "எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று பார். சாதாரணப் பேர் என்றால் அந்தப் பேரில் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தத் தோட்டத்தில் இந்தப் பேரில் யாராவது உண்டா என்று பேசின பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

இங்கிரிட் அழ ஆரம்பித்தாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. யாருக்கு அழுகை வர வேண்டுமோ அவள் அழவில்லை. பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த நிஸார் எழுந்து வந்தார். "எங்கட ஆக்கள்ல ஜனாஸாவுக்கு எதிரியும் வருவான், மேடம். மௌத்தாப் போன வீட்ட ஒதுக்குற அளவுக்குப் பெரிய குத்தம் ஒலகத்துலயே இல்ல," என்றார். சாவு வீட்டுக்கு எதிரியும் வருவான் என்று அவர் சொன்னதை இங்கிரிட்டுக்குச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கட்டாயம் போவோம் என்றாள். போய் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன், பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கருமாதி அன்று மழை விட்டிருந்தது. லயத்துக்கு முன்னால் சாமியானா கட்டி, கீழே பாய் விரித்து, வாழை இலை அடுக்கியிருந்தது. பெரிய பெரிய சட்டிகளில் சோறு, பருப்பு, வாழைக்காய், கத்தரிக்காய். புஷ்பராணியின் மகள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். சாப்பிட உட்கார்ந்திருந்தது அண்ணன் குடும்பமும் கீழ்த் தோட்டத்து உறவு கொஞ்சமும்தான். நாங்கள் மூன்று பேர். மற்ற இலைகள் சும்மா கிடந்தன.

லயத்து ஜனம் வராமலும் இல்லை. வாசலுக்கும் பாதைக்கும் நடுவில் கான் என்று சொல்கிற தண்ணீர் வாய்க்கால் ஓடுகிறது. ஒரு தாண்டு தாண்டினால் இந்தப் பக்கம். அந்தக் கானுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நின்றார்கள். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும். சோற்று வாசம் அங்கேயும் போயிருக்கும். ஒருத்தரும் தாண்டவில்லை. எங்கள் ஊரில் சாதிக்காக ஜனங்களை ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெயருக்காக ஒதுக்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தலைவர் மாணிக்கம் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார். "இந்தியாம்மா, அந்த நோனாகிட்ட கேளுங்க. பேசுனது இந்தப் புஷ்பராணியா, இல்லியா? இல்லன்னு சொல்லட்டும், நாங்க வந்து ஒக்காந்து சாப்புடுறோம். எங்களுக்கு மட்டும் இது ஆசையா?"

இங்கிரிட் எழுந்து நின்றாள். "எங்களோடு யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்பதை நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை," என்றாள். நான் அப்படியே சொன்னேன். மெழுகிப் பேச எனக்குத் தெரியாது, மெழுகவும் விரும்பவில்லை.

"பாத்தியளா, இல்லன்னு சொல்லலயே!" என்று ஒருத்தி கத்தினாள்.

"அப்ப இவதான்."

"வாங்கடி போவோம்."

கூட்டம் திரும்பியது. புஷ்பராணி கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள். அவள் புருஷன் தலையைக் குனிந்து, காலி இலைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். ஆள் உட்காராத இலையை மடிக்கிறதை நான் அதுவரை பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம்.

அப்போது லெட்சுமி கானைத் தாண்டி வந்தாள். சேற்றில் எங்களோடு வேன் தள்ளிய அதே லெட்சுமி.

"நில்லுங்க எல்லாரும். பேசுனது நான்தான்."

நின்றார்கள். தலைவர்தான் முதலில் வாய் திறந்தார். "சும்மா இரு லெட்சுமி. கூட்டாளிக்காகப் பழிய நீ ஏத்துக்காத."

"கூட்டாளிக்காக இல்ல. நான்தான் சொன்னேன்." இங்கிரிட் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க இவங்ககிட்ட."

மொழிபெயர்த்தேன். இங்கிரிட்டின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. விதி இவளை ஊமையாக்கிவிட்டது. காப்பாற்றப்பட வேண்டியவளே வந்து, என்னைக் காப்பாற்ற வேண்டாம், உண்மையைச் சொல் என்று கெஞ்சுகிறாள். அதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை.

"நோனா ஒண்ணும் சொல்லலயே," என்றார் தலைவர்.

லெட்சுமி கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். "பீலிக்கரையில வழுக்கி விழுந்து எம்புள்ள போச்சுன்னு தொரை சொன்னாரு. நீங்களும் அப்பிடித்தான் நெனச்சீங்க. நான் பீலிக்கரைக்கே போவல. மேல் மலையில நின்னேன். ஆறு மாசம். இடுப்பு வலிக்குதுன்னு கங்காணிகிட்ட சொன்னேன். கூடய நெரப்பிட்டுப் போன்னான். தேயில தூருக்கு எடையிலயே போயிருச்சு. கட்டியிருந்த படங்க அவுத்து, அதுலதான் சுத்தி எடுத்துட்டு வந்தேன்."

நான் குண்டசாலையில் சாப்பாட்டு மேசையில் படித்தது ஒவ்வொரு சொல்லாக என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவள் அத்தோடு நிறுத்திவிட்டாள், மேலே பேச முடியவில்லை. கண்ணால் என்னிடம் கேட்டாள். நான் இங்கிரிட்டைப் பார்க்கவில்லை. எழுந்து சொன்னேன்:

"அன்னிக்கு இவளுக்கு அரைப்பேர்தான் போட்டாங்க. அந்த அறிக்கையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கு."

கானுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புஷ்பராணி அகப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். லெட்சுமியின் கன்னத்தில் பளார் என்று ஒன்று விட்டாள். "எங்க மாமிய ஊரான் தூக்கிட்டுப் போனான்டி! நீ பாத்துக்கிட்டு நின்ன! அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

லெட்சுமி கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அவங்க சொன்னாங்க. எனக்கு நல்லதுக்குன்னு சொன்னாங்க. தெனம் ஒன் வாசல் வரைக்கும் வருவேன், திரும்பிருவேன்."

இதையும் நான் இங்கிரிட்டுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். அவள் கேட்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். அறிக்கையில் இருந்ததை வெளியே சொன்னதற்கு என்மேல் புகார் எழுதினால் எழுதட்டும் என்று இருந்தேன்.

தலைவர் மாணிக்கம் கானைத் தாண்டினார். மடித்துப் போட்ட இலை ஒன்றை எடுத்து விரித்து அதன் முன்னால் உட்கார்ந்தார். "இங்க பேசுனது இந்த வாசலத் தாண்டக் கூடாது," என்றார் சத்தமாக. "தொரை காதுக்கு எவனாவது கொண்டு போனா, அவன் வீட்டுச் சாவுக்கு நான் வரமாட்டேன். சோத்தப் போடு புஷ்பராணி."

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், யார் பேசியிருந்தாலும் அவர்களுக்கு மூன்று நாள் வேலை மூன்று நாள்தானே. லெட்சுமி இலை வரிசையின் கடைசியில் தனியாக உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. புஷ்பராணி பரிமாறிக்கொண்டே கடைசி வரை வந்தாள். வாளியை மகளிடம் கொடுத்துவிட்டு, லெட்சுமியின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டு பேரும் இலையைப் பார்த்துக் குனிந்தார்கள். தின்றார்கள்.

மற்றவர்கள் சாப்பிட்டு ஓய்ந்த பிறகுதான் இங்கிரிட் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தயங்கித் தயங்கி, இன்று நடந்ததை எழுதலாமா என்று லெட்சுமியிடம் கேட்கச் சொன்னாள். பெயரை மாற்றிவிடுவோம் என்றும் சேர்த்துக்கொண்டாள். பழக்க தோஷம்.

"எம்பேரையே போடச் சொல்லுங்க," என்றாள் லெட்சுமி.

முடியாதாம். விதி.

"அப்ப இந்தத் தடவ யாரு தலையில வைக்கப் போறாங்களாம்?" என்றாள் புஷ்பராணி. சுற்றி இருந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"மாரியாயின்னு வைக்கச் சொல்லுங்க."

"ஐயையோ, அது எங்க நாத்தனா பேரு!"

"சாந்தி?"

"மேல் லயத்துல ரெண்டு சாந்தி, கீழ் லயத்துல ஒரு சாந்தி. எந்தச் சாந்திய சாவடிக்கப் போற?"

சாவு வீட்டில் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. லெட்சுமி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். "இவங்க பேரு என்னக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"இங்கிரிட்."

"அந்தப் பேருல இந்தப் பக்கம் யாரும் இல்ல. அதையே போட்டுக்கச் சொல்லுங்க. விழுறது அவங்க தலையிலயே விழட்டும்."

ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். வழக்கமாக வருகிற 'சாரி' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இங்கிரிட் பேனாவைப் பிடித்தபடி வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இலையில் வைத்த சோறு தொடாமலே இருந்தது. புஷ்பராணி பருப்புச் சட்டியோடு வந்து அதன்மேல் ஊற்றினாள்.

"எழுதுறது இருக்கட்டும். மொதல்ல கை நனைக்கச் சொல்லுங்க," என்றாள்.

அதையும் மொழிபெயர்த்தேன்.